ஸ்பானிஷ் இறந்தகால வினை இடறுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ராமநாதபுரம் கடற்கரையில் ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்களுக்கு அநேகமாகக் காரணம் வேலைதான். கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்தியக் கணவாய்க்கு ஸ்பெயின் நல்ல சந்தை என்பதால் ஏற்றுமதி அலுவலகத்தில் மெயில் எழுதுகிறவர்கள் படிக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் பயணிகளுக்கு ஊர் சுற்றிக்காட்டுகிறவர்களும் படிக்கிறார்கள். நிகழ்காலம் இவர்களுக்கு ஓரளவு சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது. நேற்று நடந்ததைச் சொல்ல வரும்போதுதான் நாக்கு நின்றுவிடுகிறது.

அப்படி நிற்கிறவர்கள் கையில் ஒழுங்கற்ற வினைகளின் நீண்ட அட்டவணை ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்வதே வழக்கமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழை எப்போதும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: வேர், விகுதி, அழுத்தம். எது தவறு என்று தெரியாமல் அட்டவணை முழுவதையும் மறுபடி படித்தால், சரியாக வந்துகொண்டிருந்ததும் குழம்பிப்போகும். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, அழுத்தம் உண்டு. அழுத்தம் விழுகிற உயிர் சற்று நீண்டு கேட்கும். அதனால் இங்கே நெடில் போட்டிருக்கும் இடத்தில் அழுத்தம் என்று கொள்ளுங்கள். சொல்லின் நடுவில் ப, த, க மெலிவது நமக்குப் பழக்கம்தான். ஸ்பானிஷிலும் b, d, g எழுத்துகளுக்கு அந்த இடத்தில் அதே போன்ற மெலிவு உண்டு. இது நமக்குக் கிடைத்த நல்ல வசதி. உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க முறைப்படி இருக்கிறது.

ஒழுங்கான வினைகளின் விகுதிகளையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். ‘ஆர்’ என்று முடியும் வினைக்கு ஏ, ஆஸ்தெ, ஓ, ஆமொஸ், ஆரொன். மீன் பிடிப்பது பெஸ்கார். பிடித்தேன் பெஸ்கே, பிடித்தாய் பெஸ்காஸ்தெ, பிடித்தான் பெஸ்கோ, பிடித்தோம் பெஸ்காமொஸ், பிடித்தார்கள் பெஸ்காரொன். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடியும் வினைகளுக்கு ஈ, ஈஸ்தெ, இயோ, ஈமொஸ், இயேரொன். விற்றேன் பெந்தீ, விற்றான் பெந்தியோ. ஸ்பெயினில் மட்டும் ‘நீங்கள்’ என்று நெருக்கமானவர்களைச் சொல்ல இன்னொரு வடிவம் உண்டு. முதலில் அது வேண்டாம்.

அறிகுறி: நேற்று நடந்ததைச் சொன்னேன், இன்று நடப்பதாக எடுத்துக்கொண்டார்

இது அழுத்தப் பிழை. பேஸ்கொ என்றால் ‘நான் மீன் பிடிக்கிறேன்’. பெஸ்கோ என்றால் ‘அவன் மீன் பிடித்தான்’. எழுத்து ஒன்றுதான். அழுத்தம் பின்னால் நகர்ந்தால் காலமும் மாறும், ஆளும் மாறும்.

இதில் வியாபாரத்தைப் பாதிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. பகே என்றால் ‘நான் பணம் கட்டிவிட்டேன்’. பாகெ என்றால் ‘நீங்கள் பணம் கட்டுங்கள்’. எழுதும்போது கடைசி எழுத்தின் மேல் அழுத்தம் காட்டும் சாய்கோடு போட மறந்தாலும், பேசும்போது அழுத்தத்தை முன்னால் வைத்தாலும், செய்த வேலையைச் சொல்ல வந்த நீங்கள் எதிரே இருப்பவருக்கு உத்தரவு போட்டதாக ஆகிவிடும்.

தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது. அதனால் நம் காது அதைக் கேட்பதே இல்லை. ஆனால் குறில் நெடிலை நம் காது தவறவிடாது. ‘படம்’, ‘பாடம்’ இரண்டையும் நாம் ஒருபோதும் குழப்புவதில்லை. அந்தக் காதையே பயன்படுத்துங்கள்: பேஸ்கொ, பெஸ்கோ, ஆப்லொ (பேசுகிறேன்), அப்லோ (பேசினான்), பாகெ, பகே. இரண்டிரண்டாகச் சத்தமாகச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் பலன் இல்லை.

‘ஆர்’ வினையின் ‘ஆமொஸ்’, ‘ஈர்’ வினையின் ‘ஈமொஸ்’ வடிவங்கள் பொதுவாக நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒன்றே. அது பிழையல்ல. ‘அயேர்’, அதாவது நேற்று என்று சேர்த்துவிட்டால் தெளிவாகிவிடும்.

அறிகுறி: தெனீ, பொதீ, அஸீ என்று வாயில் வருகிறது, அல்லது தூவெ என்பது துவே ஆகிறது

இதுதான் பெரிய பகுதி, பொறுமையாகப் படியுங்கள். தெனேர் (வைத்திரு) என்ற வினைக்கு விதிப்படி தெனீ வரவேண்டும் என்று மூளை கணக்குப் போடுகிறது. ஸ்பானிஷ் பேசும் சின்னப் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்வார்கள். விதி தெரிந்திருக்கிறது, விதிவிலக்கு இன்னும் பதியவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் ‘வா’ என்ற வினையைப் பாருங்கள். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தார்கள். ‘வாந்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. இறந்தகாலத்துக்கு என்று ‘வந்த்’ என ஒரு வடிவம் தனியாக நிற்கிறது, அதன்மேல் ஆள் காட்டும் விகுதி ஏறுகிறது. ஸ்பானிஷில் நடப்பதும் இதேதான். தெனேருக்கு இறந்தகால வேர் ‘துவ்’. அது கிடைத்துவிட்டால் மிச்சம் எல்லாம் ஒரே அச்சு: தூவெ, துவீஸ்தெ, தூவொ, துவீமொஸ், துவியேரொன்.

விகுதிகளைக் கவனியுங்கள். எ, ஈஸ்தெ, ஒ, ஈமொஸ், இயேரொன். ‘நான்’, ‘அவன்’ இரண்டிலும் விகுதி குறில். அழுத்தம் வேரிலேயே நிற்கிறது. அதனால் எழுதும்போதும் சாய்கோடு கிடையாது. பெஸ்கே என்று பழகிய நாக்கு துவே என்று இழுத்துக்கொண்டு போகும். அதைப் பிடித்து நிறுத்தினால் பாதிப் பிழை தீர்ந்தது.

இப்படிப்பட்ட வேர்கள் மூன்று குடும்பமாக இருக்கின்றன. முதலாவது உகரக் குடும்பம்: தெனேர் (வைத்திரு) தூவெ, எஸ்தார் (இரு) எஸ்தூவெ, அந்தார் (நட) அந்தூவெ, பொதேர் (முடி, இயல்) பூதெ, பொனேர் (வை) பூஸெ, ஸவேர் (அறி) ஸூப்பெ, கவேர் (கொள், அடங்கு) கூப்பெ, அவேர் (உண்டாயிரு) ஊவொ. இரண்டாவது இகரக் குடும்பம், சின்னது: அஸேர் (செய்) ஈஸெ, கெரேர் (விரும்பு) கீஸெ, பெனீர் (வா) பீனெ. மூன்றாவது ஹகரக் குடும்பம்: தெஸீர் (சொல்) தீஹெ, த்ரயேர் (கொண்டுவா) த்ராஹெ, கொந்துஸீர் (வண்டி ஓட்டு) கொந்தூஹெ. ‘துஸீர்’ என்று முடிகிற எல்லா வினையும் இந்த மூன்றாவதில் சேரும். மொழிபெயர்ப்பது த்ரதுஸீர், மொழிபெயர்த்தேன் த்ரதூஹெ.

கூட்டு வினைகள் தாய்வினையைப் பின்பற்றும். தெத்தெனேர் என்றால் தடுத்து நிறுத்து. அதற்குள் தெனேர் இருக்கிறது, ஆகவே கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவைத்தார்கள் என்பது தெத்துவியேரொன். ப்ரொப்பொனேருக்குள் பொனேர் இருக்கிறது. முன்மொழிந்தான் என்பது ப்ரொப்பூஸொ. புது வினை ஒன்றைப் பார்த்தவுடன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பழகுங்கள்.

படிக்கும் வரிசை பற்றியும் சொல்லவேண்டும். ஆறு வடிவத்தையும் மேலிருந்து கீழாக ஒப்பிக்காதீர்கள். ‘நான்’, ‘அவன்’ இரண்டை மட்டும் ஜோடியாகப் பிடியுங்கள்: தூவெ, தூவொ, ஈஸெ, ஈஸொ, பீனெ, பீனொ, தீஹெ, தீஹொ. பிழை அதிகம் விழுவது இந்த இரண்டில்தான். மரியாதையாக ‘நீங்கள்’ என்று ஒருவரிடம் பேசுகிற ‘உஸ்தேத்’ என்ற சொல்லும் ‘அவன்’ வடிவத்தையே எடுக்கும். கப்பல் அதிகாரியிடமும் வாங்குகிறவரிடமும் பேசும்போது உங்களுக்கு அதிகம் வேண்டியது அதுதான்.

அந்தார் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்பானிஷ் தாய்மொழிக்காரர்களே சிலர் ‘அந்தே’ என்று சொல்வது காதில் விழும். எழுத்தில் அந்தூவெதான் சரி.

அறிகுறி: திஹியேரொன் என்று எழுதினேன், சிவப்பில் அடித்துவிட்டார்கள்

ஹகரக் குடும்பத்தில் ‘அவர்கள்’ வடிவத்துக்கு ‘இ’ விழுந்துவிடும். துவியேரொன், ஆனால் திஹேரொன். த்ரஹேரொன். கொந்துஹேரொன். ‘அவர்கள்’ தவிர மற்ற இடங்களில் மாற்றம் இல்லை.

சிலர் இதைப் படித்துவிட்டு ஹ ஒலி வந்த இடத்தில் எல்லாம் ‘இ’யை வெட்டிவிடுவார்கள். அதுவும் தவறு. தெஹேர் என்றால் பின்னு. வலை பின்னுவதற்கும் அதுதான். அது ஒழுங்கான வினை. வலை பின்னினார்கள் என்றால் தெஹியேரொன் என்பதே சரி. வெட்டுவது வேர் மாறிய வினைகளுக்கு மட்டும்.

அறிகுறி: ‘ஃபுவே’ என்று கேட்டால் போனாரா, இருந்தாரா என்று தெரியவில்லை

ஈர் (போ), ஸேர் (இரு, ஆகு) இரண்டுக்கும் இறந்தகாலம் ஒன்றேதான்: ஃபுவீ, ஃபுவீஸ்தெ, ஃபுவே, ஃபுவீமொஸ், ஃபுவேரொன். வடிவத்தை வைத்துப் பிரிக்க முடியாது, அடுத்த சொல்லைப் பாருங்கள். பின்னால் ‘அ’ என்ற முன்னிடைச்சொல்லும் ஓர் இடமும் வந்தால் போனது. பெயரோ பதவியோ வந்தால் இருந்தது. அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர்: கலாம் ஃபுவே ப்ரெஸிதேந்தெ. அவர் டெல்லிக்குப் போனார்: ஃபுவே அ தெல்லி. வாக்கியமாகக் கேட்டால் குழப்பமே வராது; தனிச்சொல்லாகப் படிக்கிறவர்களுக்குத்தான் வருகிறது.

பழைய புத்தகங்களில் ஃபுவீ, ஃபுவே, தியோ (கொடுத்தான்), பியோ (பார்த்தான்) ஆகியவற்றின் மேல் சாய்கோடு இருக்கும். ஸ்பானிஷ் அகாதமியின் விதி மாறி 1959 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. நீங்கள் போடவேண்டாம்.

தார் (கொடு) ‘ஆர்’ என்று முடிந்தாலும் மற்ற கட்சியின் விகுதியை எடுக்கும்: தீ, தீஸ்தெ, தியோ, தீமொஸ், தியேரொன். பேர் (பார்) அதே அச்சு: பீ, பீஸ்தெ, பியோ. முடிந்தது.

அறிகுறி: ‘நான்’ சரியாக வருகிறது, ‘அவன்’ மட்டும் தப்புகிறது

பெதீர் (கேட்டு வாங்கு), தொர்மீர் (தூங்கு), ஸெந்தீர் (உணர்), மொரீர் (இற) போன்றவை இவை. ‘ஈர்’ என்று முடிந்து, நிகழ்காலத்தில் வேருயிர் மாறுகிற வினைகள். இறந்தகாலத்தில் ‘நான்’, ‘நீ’, ‘நாம்’ எல்லாம் ஒழுங்கு: பெதீ, பெதீஸ்தெ, பெதீமொஸ். ‘அவன்’, ‘அவர்கள்’ இரண்டில் மட்டும் உயிர் மாறும்: பிதியோ, பிதியேரொன், துர்மியோ, துர்மியேரொன்.

பிரான்சிஸ் சேவியரை வைத்துப் பாருங்கள். நவார்ராவில் 1506ல் பிறந்து, 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1552ல் இறந்தவர். நஸியோ, பீனொ, முரியோ. முதலாவது ஒழுங்கு. இரண்டாவது வேர் மாறியது, குறிலில் முடிகிறது. மூன்றாவது உயிர் மாறியது, ஆனால் விகுதி ஒழுங்கானது, அதனால் நெடில். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

‘ஆர்’, ‘ஏர்’ வினைகள் நிகழ்காலத்தில் எவ்வளவு மாறினாலும் இந்த மாற்றம் அவற்றுக்குக் கிடையாது. திரும்பினேன் என்பது பொல்வீ. நிகழ்காலம் புவேல்வொ என்பதற்காக ‘புவெல்வீ’ என்று சொல்லவேண்டாம்.

அறிகுறி: பேசினால் சரி, எழுதினால் தவறு

பெஸ்கே என்று சரியாகத்தான் சொல்கிறீர்கள். எழுதும்போது ‘க’ ஒலிக்குப் பழைய ‘சி’ எழுத்தையே வைத்தால் அது ‘பெஸ்ஸே’ ஆகிவிடும். எ ஒலிக்கு முன்னால் அந்த எழுத்து ஸ ஒலி தரும். அதனால் க்யூ, யு இரண்டையும் போடவேண்டும். பகே, யெகே (வந்து சேர்ந்தேன்) இவற்றில் ஜிக்குப் பிறகு ஒரு யு. எம்பெஸே (தொடங்கினேன்) என்பதில் இசட் போய் சி வரும். இது ‘நான்’ வடிவத்தில் மட்டும். ஒலியைக் காப்பாற்றத்தான் எழுத்து மாறுகிறது, வினை ஒழுங்கானதே. இதை ஒழுங்கற்ற வினைப் பட்டியலில் சேர்த்துப் பயமுறுத்துவது தேவையில்லாதது.

லெயேர் (படி), கயேர் (விழு), ஒயீர் (காதால் கேள்), தெஸ்த்ருயீர் (அழி) இவற்றில் இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொண்ட இகரம் யகரம் ஆகும்: லெயோ, கயோ, ஒயோ, தெஸ்த்ருயோ. 1964 டிசம்பர் புயலைச் சொல்லவேண்டும் என்றால்: எல் ஸிக்லோன் தெஸ்த்ருயோ தனுஷ்கோடி.

அறிகுறி: இலக்கணம் எல்லாம் சரி, ஆனால் நான் நினைத்த பொருள் போய்ச் சேரவில்லை

இங்கே வடிவத்தில் பிழை இல்லை, காலத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. ஸ்பானிஷில் இரண்டு இறந்தகாலம். ஒன்று, நாம் இதுவரை பார்த்தது: நடந்து முடிந்தது. இன்னொன்று, நடந்துகொண்டிருந்தது, வழக்கமாக இருந்தது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது: பஸாவ. புதிய பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள்: அவ்ரியேரொன்.

சில வினைகளில் இந்தத் தேர்வு பொருளையே மாற்றும். ஸவீயா என்றால் ‘எனக்குத் தெரிந்திருந்தது’. ஸூப்பெ என்றால் ‘எனக்குத் தெரியவந்தது’. கொனொஸீயா என்றால் அவரோடு பழக்கம் இருந்தது. கொனொஸீ என்றால் அவரை முதன்முதலில் சந்தித்தேன். பொதீயா என்றால் என்னால் முடிகிற நிலை இருந்தது. பூதெ என்றால் முயன்று முடித்தேன். நோ பூதெ என்றால் முயன்றும் முடியவில்லை.

கெரேர் வினையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். நோ கெரீயா பகார் என்றால் ‘அவருக்குப் பணம் கட்ட விருப்பமில்லாமல் இருந்தது’. கடைசியில் கட்டியிருக்கலாம், கட்டாமலும் இருந்திருக்கலாம். நோ கீஸொ பகார் என்றால் ‘கட்ட மறுத்துவிட்டார்’. வாங்குகிறவரைப் பற்றி நிறுவனத்துக்கு மெயில் எழுதும்போது இந்த இரண்டாவதைப் போட்டால் அது குற்றச்சாட்டு. உண்மையிலேயே மறுத்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஆறுதலான செய்தி ஒன்று: தொடரும் இறந்தகாலத்தில் ஒழுங்கற்ற வினைகள் மூன்றுதான். ஸேர் ஏர ஆகும், ஈர் ஈவ ஆகும், பேர் பெயீயா ஆகும். வேறு கிடையாது.

அறிகுறி: ‘உவியேரொன்’ என்று எழுதினேன், திருத்திவிட்டார்கள்

‘இருந்தன, உண்டாயின’ என்ற பொருளில் அவேர் எப்போதும் ஒருமை. ஒரு புயலானாலும் பல புயலானாலும் ஊவொ. பன்மையைத் தாய்மொழிக்காரர்களும் சொல்கிறார்கள், எழுத்தில் ஏற்கமாட்டார்கள்.

அறிகுறி: ‘இன்று காலை சாப்பிட்டேன்’ என்றதும் ஸ்பெயின்காரர் வேறு மாதிரித் திருத்துகிறார்

நீங்கள் சொன்னது தவறல்ல. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கொமீ என்றே சொல்வார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் இன்னும் முடியாத நாளுக்குள் நடந்ததற்கு எ கொமீதொ என்பார்கள். யாரோடு பேசுகிறீர்களோ அவர்கள் முறைப்படி போங்கள். இரண்டாவது முறைக்கு பெயரெச்சம் போன்ற ஒரு வடிவம் வேண்டும், அதிலும் சில ஒழுங்கற்றவை உண்டு: ஏச்சொ (செய்த), தீச்சொ (சொன்ன), பீஸ்தொ (பார்த்த), புவேஸ்தொ (வைத்த), எஸ்க்ரீத்தொ (எழுதிய), அவியேர்த்தொ (திறந்த), ரோத்தொ (கிழிந்த, உடைந்த). வலை கிழிந்துவிட்டது என்பது ஸெ அ ரோத்தொ ல ரேத். ‘ரொம்பீதொ’ என்று சொல்லவேண்டாம். ஆனால் இதே வினையின் சாதாரண இறந்தகாலம் ஒழுங்கானது: ஸெ ரொம்பியோ.

போனில் திஹீஸ்தெஸ் என்று கடைசியில் ஸ் சேர்த்துச் சிலர் பேசுவார்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் திஹீஸ்தெ என்றே சொல்லுங்கள்.

அறிகுறி: எழுத வருகிறது, கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை

‘கே இஸீஸ்தெ?’ அதாவது ‘என்ன செய்தாய்?’ என்று கேட்டதும், காதில் விழுந்த இஸீஸ்தெயையே பலர் திருப்பிச் சொல்லிவிடுகிறார்கள். அட்டவணையாகப் படித்ததின் விளைவு இது. கேள்வி ஈஸ்தெ என்று வந்தால் பதில் எ என்று போகவேண்டும். இந்தப் பாதையை மட்டும் தனியாகப் பழக்குங்கள். இருவராக உட்கார்ந்து, மீன் ஏலக் கூடத்தில் அன்றாடம் நடப்பதை வைத்தே கேளுங்கள்.

– கே இஸீஸ்தெ அயேர்? (நேற்று என்ன செய்தாய்?)
– ஃபுவீ அல் மார். (கடலுக்குப் போனேன்.)
– த்ரஹீஸ்தெ கலமாரெஸ்? (ஊசிக்கணவாய் கொண்டுவந்தாயா?)
– த்ராஹெ போக்கொஸ். (கொஞ்சம் கொண்டுவந்தேன்.)
– பொர் கே? (ஏன்?)
– நோ பூதெ பெஸ்கார் மாஸ். ஸெ ரொம்பியோ ல ரேத். (மேலே பிடிக்க முடியவில்லை. வலை கிழிந்துவிட்டது.)
– கே திஹேரொன் லொஸ் ஓத்ரொஸ்? (மற்றவர்கள் என்ன சொன்னார்கள்?)
– நோ திஹேரொன் நாத. (ஒன்றும் சொல்லவில்லை. ‘தீஹேரொன்’ என்று இழுக்கவேண்டாம்.)

இது தங்குதடையில்லாமல் வந்ததும், அதே உரையாடலை மூன்றாவது ஆளைப் பற்றிக் கேட்பதாக மாற்றுங்கள்: ஃபுவே அல் மார், த்ராஹொ போக்கொஸ், நோ பூதொ பெஸ்கார் மாஸ். அப்புறம் பலரைப் பற்றி: ஃபுவேரொன், த்ரஹேரொன், நோ புதியேரொன். நாலைந்து வரிதான். ஆனால் மேலே சொன்ன பிழைகளில் பாதிக்கு மேல் இதற்குள்ளேயே எட்டிப்பார்க்கும். எது எட்டிப்பார்க்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள்.